துணி கறுத்தால் துவைக்கலாம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வேலை, வெள்ளையை முறைத்துப் பார்ப்பது. ராஜபாளையத்துக்கு வெளியே பேண்டேஜ் துணி வெளுத்துக் காயப்போடும் ஓர் இடத்தில், காய்ந்து வரும் துணியை விரித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். புண்ணில் வைத்துக் கட்டுகிற துணி. ஒரு பொட்டுக் கறுப்பு இருந்தாலும் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்து என் குணமும் கெட்டுப்போயிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் வேட்டியில்தான் கண் போகும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் என்று அம்மா என்னைத் திட்டுவாள். சொந்த வீட்டில் இருந்த ஒன்றைப் பார்க்காததுபோல் இருக்கவும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மெயின் ரோட்டில், சாலை கொஞ்சம் மேடேறும் இடத்தில் இருந்தது. கேரளாவுக்குப் போகிற லாரி, தென்காசி பஸ், சோழபுரத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் வண்டி எல்லாம் அந்த இடத்தில்தான் கியர் மாற்றும். மாற்றும்போது பின்னால் ஒரு கரும்புகை பொத்தென்று விழும். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மதியம் தொட்டால் விரலில் மை ஒட்டும். அப்பா இறந்த பிறகு அம்மா, நான், தங்கை மூன்று பேர் அந்த வீட்டில் இருந்தோம்.

தங்கைக்கு எட்டு வயதிலிருந்து இழுப்பு, டாக்டர்கள் ஆஸ்துமா என்பார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு நாலு கடை தள்ளி இருந்த எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்தாள். ரோட்டைப் பார்த்த கடை. லாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில், போன் பேச யாரும் இல்லையென்றால், அவள் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் யாருடனோ பேசுகிறாள் என்று நினைப்பார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். நான் ஒருமுறை கண்ணாடியைத் தட்டி, "யார்கிட்டட்டி பேசுத?" என்று கேட்டதற்கு, "காத்துகிட்ட பேசிட்டிருக்கேன், லைன் கெடைக்க மாட்டேங்கு" என்றாள். அவளுக்கு அப்படி ஒரு வாய்.

இழுப்பை நாங்கள் மறைத்தோம். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தச் சாலையில் யாருக்கு இருந்தாலும் மறைத்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் இழுப்பு என்று வெளியே தெரிந்தால், அது பரம்பரைச் சீக்கு, பிள்ளைக்கும் வரும் என்று வந்த சம்பந்தம் வாசலோடு திரும்பிப்போகும். அதிலும் வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற அந்த மருந்து இருக்கிறதே, அதைப் பம்பு என்பார்கள். பம்பு வைத்தால் கடைசிக் கட்டம் என்று ஒரு பயம். அதனால் அம்மா அதை உள்ளூரில் வாங்கவே மாட்டாள். டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே தெரியாத கடையில் வாங்கி, முருங்கைக்கீரைக்கு அடியில் பைக்குள் வைத்துக் கொண்டுவருவாள். பல வருஷம் கழித்து எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் தங்கள் பம்பை இங்கே வந்துதான் வாங்குவார்களாம். ஒரே ரூட் பஸ்ஸில் எதிரெதிராகப் போய் வந்திருக்கிறோம்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் புகைக் கட்டணம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதிகமாகப் புகை விடும் வண்டி பஜாருக்குள் நுழைந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் சாலைக்குத் தண்ணீர் தெளித்து மரம் வைப்பது என்று யோசனை. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று நகராட்சியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கருத்துச் சொல்லச் சொன்னால் எங்கள் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடை, ரேஷன் வரிசை, மில் ஷிப்டு விட்டு வரும் கூட்டம், எங்கே பார்த்தாலும் இதே சண்டை.

"டெம்போக்காரன் மட்டுந்தான் புகையுதானா? மேல நிமுந்து பாரு, எம்புட்டு மில்லுக் குழாய் புகையுது, அத யாரு கேக்கா?" என்றார்கள் ஒரு பக்கம். பணம் உள்ளவன் புது வண்டி வாங்கிக்கொள்வான், ஓட்டை வண்டி வைத்துப் பிழைப்பவன்தான் அழவேண்டும் என்பது இன்னொரு வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர், வேறு மாதிரி கேட்டார்: "காசு குடுத்துட்டா புகை விட்டுக்கலாம்னு ஆயிருமே, அது மட்டும் சரியா?" தெலுங்கு பேசும் பலசரக்குக் கடை முதலாளி, புகை வேண்டாம், ஆனால் சரக்கு நேரத்துக்கு வரவேண்டும் என்று இரண்டு கட்சியிலும் சேர்ந்துகொண்டார். ஆட்டோக்காரர்கள் கதை தனி. பெட்ரோலில் கலக்கும் ஆயிலை ஒரு மூடி கூடுதலாக ஊற்றினால் எஞ்சின் குளுமையாகக் கிடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளைக்கு நெய் ஊற்றுவதுபோல் ஊற்றுவார்கள். அது நீலமாகப் புகைந்து எங்கள் மூக்கில் ஏறும்.

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், கட்டணம் வேண்டும் என்ற தரப்பின் மனுவை என்னிடம் எழுதச் சொன்னார்கள். கோபத்தோடு எழுதினேன். எவ்வளவோ எழுதினேன், ஜன்னல் கம்பி, காயப்போட்ட துணி, கடைப் பலகாரம், பூக்காரியின் பிச்சிப்பூ எல்லாம் அதில் வந்தன. மனிதர்களின் நெஞ்சு மட்டும் வரவில்லை. கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனபோது, உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்கும். வெளியே வந்தவர், "அது சும்மா சளி" என்பார். நானும் தலையை ஆட்டிவிட்டு வருவேன். நானே அப்படித்தானே.

எந்த வண்டி அதிகம் புகைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி வந்தது. ஊரில் அதற்கான மெஷின் கிடையாது. என் வேலை எனக்கு ஒரு வழி காட்டியது. வெளுத்த பேண்டேஜ் துணியை மூன்றாக மடித்து நனைத்து, சைலன்சர் வாயில் பிடித்துக்கொண்டு, டிரைவரை ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லிப் பத்து வரை எண்ணினேன். துணியை விரித்தால் அந்த வண்டியின் லட்சணம் வட்டமாகத் தெரிந்தது. ஒரு ஆட்டோ, ஒரு டவுன் பஸ், ஒரு லாரி, ஒரு டெம்போ என்று நாலு துணி எடுத்தேன்.

டெம்போ எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சியுடையது. செட்டியார்பட்டியிலிருந்து வந்து குடியேறியவர். மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுவார், எங்கள் இடத்துக்குத் துணிக்கட்டும் ஏற்றுவார். கட்டணத்தை எதிர்க்கும் வண்டிக்காரர்களுக்கு அவர்தான் வாய். அப்படி இருந்தும் நான் துணியோடு போய் நின்றதும், "பிடி தம்பி, என் வண்டி என்ன சொல்லுதுன்னுதான் பாப்பமே" என்று அவரே ஏறி மிதித்தார். நாலில் அதுதான் அட்டக் கறுப்பு. கையில் வாங்கிக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "பழைய எஞ்சின் தம்பி. பிரிச்சு வேல பாக்கணும்னா ரெண்டு மாசம் வண்டி நிக்கணும். வீட்டுல அடுப்பும் நிக்கும்" என்றார்.

கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சர்ச்சிலிருந்து நேராக வந்த பெண்கள் கையில் பைபிளோடு உட்கார்ந்திருந்தார்கள். மில் ஆட்கள், கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள் என்று நல்ல கூட்டம். மூன்றாவது வரிசையில் நான் எதிர்பார்க்காத ஒருவர் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவர் மகனுக்குத்தான் தங்கையைப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏதோ வேலையாக ராஜபாளையம் வந்தவர், மாப்பிள்ளைக்கு மச்சினனாக வரப்போகிறவன் எப்படிப் பேசுகிறான் பார்ப்போம் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் எழுந்து நாலு துணியையும் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன். யார் வண்டி என்று சொல்லவில்லை. கடைசித் துணிக்கு ஹாலே உச்சுக் கொட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி துணியை வாங்கி மோந்துகூடப் பார்த்தார். இனி கட்டணம் வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது அண்ணாச்சி எழுந்தார். கத்தவில்லை. "அந்தக் கடைசித் துணி என் வண்டிதான்யா. இல்லேங்கல. ஆனா துணி கறுத்தா துவைக்கலாம். தம்பி அத நாளைக்கே வெளுத்துருவாரு. இந்தப் புகையால சீக்குல விழுந்த ஆளு யாராச்சும் இந்த ஊருல உண்டா? ஒரே ஒருத்தர் எந்திரிச்சு, எங்க வீட்டுல இருக்குன்னு சொல்லட்டும். நா வாயப் பொத்திக்கிட்டுக் கட்டணத்தக் கட்டுதேன். எங்க ஆளுகளையும் கட்டச் சொல்லுதேன்" என்றார்.

எனக்கு அந்தச் சாலையில் எத்தனை வீட்டில் இழுப்பு இருந்தது என்று தெரியும். பூக்காரியின் புருஷன் ராத்திரி படுக்கமாட்டான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவான். அவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மாவின் மகளுக்கு உண்டு என்று எனக்கு ஒரு சந்தேகம்; அவர் பைபிளை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். ஒருவரும் எழவில்லை. அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. அவர் எங்கள் பக்கம்தான் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. என்னைப் பார்த்து, "மனு எழுதினவர் நீங்கதானே? ரோட்டு மேலேயே வீடு. உங்க வீட்டுல யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார்.

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். சைக்கிள் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றேன். அத்தோடு விட்டேனா? "ஆண்டாள் புண்ணியத்துல எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று ஒரு ஜரிகையும் வைத்துச் சொன்னேன். அந்த ஜரிகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கட்டணம் தள்ளிவைக்கப்பட்டது. பாதிப்பு இருப்பதாகத் தெரிந்தால் பிறகு பார்க்கலாம் என்று முடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தங்கை, "கூட்டம் என்னாச்சுண்ணே?" என்று கேட்டாள்.

"தள்ளி வச்சிட்டாவ."

"ஏன்?"

"ஊருல சீக்காளி யாருமே இல்லையாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, கடைசியில் அம்மா ஓடிப்போய்ப் பம்பை எடுத்து வந்தாள். அப்புறம் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் கூட்டத்தில் என்ன சொன்னேன் என்று பூத்துக்கு வந்த யாரோ சொல்லியிருப்பார்கள்.

கல்யாணம் நடந்தது. மணவறையில் ஓமத்தைச் சின்னதாக வளர்க்கச் சொல்லி ஐயரிடம் தனியாகக் கெஞ்சினேன். ஏன் இவ்வளவு சின்ன நெருப்பு என்று சம்பந்தி கேட்டதற்கு, மண்டபத்துக்காரர் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார் என்றேன். ஒரு பொய் சொல்லிவிட்டால் அடுத்தது சுலபமாக வருகிறது. பம்பைப் பவுடர் டப்பாவுக்குள் போட்டு அவள் பெட்டியில் வைத்தாள் அம்மா. தீர்ந்தால் நான் வாங்கிக் கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் கொடுப்பது என்று ஏற்பாடு. அவள் வாழப்போன வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது. காலையில் பஸ்களை நின்ற இடத்திலேயே அரைமணி உறுமவிட்டுத்தான் எடுப்பார்கள்.

நாலு மாதம் ஓடியது. ஆடித் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நிறைந்தது. சுந்தரபாண்டியம், சோழபுரம் என்று சுற்றுப்பட்டி எல்லாம் வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்கின. அதற்கு ஒரு வாரம் முன்பே தங்கை பூத்துக்கு போன் செய்து, "அண்ணே, பவுடர் தீந்துபோச்சு" என்று எங்கள் சங்கேதத்தில் சொல்லியிருந்தாள். வாங்கிவிட்டேன். வாங்கி வேலையிடத்து மேஜைக்குள் வைத்திருந்தேன். அனுப்ப வேண்டிய சரக்கு குவிந்து கிடந்தது, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒரு வாரத்தை ஓட்டினேன். துணியில் ஊசிமுனைக் கறையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தேருக்கு மறுநாள் காலை, பூத்தில் புதிதாக உட்கார்ந்திருந்த பெண் வேலையிடத்துக்கே ஆள் அனுப்பினாள். தங்கைக்கு மூச்சு முட்டுகிறது, உடனே வரவும் என்று அவள் மாமியார் பேசியிருக்கிறார். மேஜைக்குள் இருந்த பம்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். வாசலில் அண்ணாச்சி துணிக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மீதிக் கட்டை அப்படியே கீழே தள்ளிவிட்டு, "ஏறு" என்றார்.

போய்ப் பார்த்தபோது அவள் கட்டில் விளிம்பில் முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மாமியார் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார், மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் விசிறிக்கொண்டிருந்தார். என் சட்டைப் பைக்குள் பம்பு இருந்தது. அந்த நிலையிலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "அத்தே, கொஞ்சம் வெந்நி கொண்டாங்க" என்றேன். "மாப்ள, வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றேன். இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் பம்பை அவள் வாயில் வைத்தேன். அவளால் உறிஞ்ச முடியவில்லை.

தேர்க் கூட்டம் இன்னும் கலையவில்லை, ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி நகராது என்று, ராஜபாளையம் போகிற சாலையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாமியாரும் மாப்பிள்ளையும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அவளை முன்னால் எனக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் உட்கார வைத்தோம். டெம்போவின் தரைத் தகட்டில் ஓட்டை இருந்தது. ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் அதன் வழியாகப் புகை மேலே வந்தது. வரும்போதெல்லாம் அவள் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு குனிந்தாள். முதல் தடவை அண்ணாச்சி பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். மூன்றாம் தடவை தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த ஓட்டையில் திணித்து, மேலே காலை வைத்து மிதித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் கியரையே மாற்றவில்லை.

டாக்டர் அவளைப் பார்த்துக்கொண்டே, "இது முதல் தடவையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடியாடிட்டு இருந்தா" என்றார் மாமியார்.

"முன்னாடி வந்திருந்தா என்ன மருந்து குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியணும். சொல்லுங்க, நேரமில்ல."

தங்கை என்னைப் பார்த்தாள். பேச அவளிடம் மூச்சில்லை. கெஞ்சுகிற பார்வையாகவும் இல்லை. இந்தத் தடவையும் நீ என்ன சொல்லப்போகிறாய் என்று பார்க்கிற மாதிரி இருந்தது. நான் பம்பை எடுத்து டாக்டரின் மேஜையில் வைத்தேன்.

"எட்டு வயசுல இருந்து இருக்கு. எங்க வீட்டுல இருக்கு" என்றேன்.

அன்று மத்தியானத்துக்குள் அவளுக்கு இழுப்பு தணிந்தது. ஊசியும், முகத்தில் மூடி வைத்த மருந்துப் புகையும்தான் காப்பாற்றின. மாமியார் வராந்தாவில் என் முகத்தைப் பார்க்காமலே, "ஓமத்தச் சின்னதாப் போடச் சொன்னது இதுக்குத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சீக்குக்காக வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டோம்னு சத்தியமாச் சொல்ல மாட்டேன். ஆனா தெரிஞ்சிருந்தா அந்தப் பிள்ளய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வச்சிருக்க மாட்டோம்" என்றார். பிறகு தங்கை எங்கள் வீட்டில் பல மாதம் இருக்க வேண்டி வந்தது. திரும்ப அழைத்துக்கொள்ள அவர்களுக்கு அவ்வளவு நாளானது, அதையும் தப்பென்று நான் சொல்ல முடியாது.

அண்ணாச்சி அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். நான் வெளியே வந்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். அவளைத் தாங்கி உள்ளே கொண்டுவந்து விட்டபோது, டாக்டர் அறையில் நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது.

"அன்னைக்கு நா கேட்டேன்ல தம்பி. எல்லார் முன்னாலயும் கேட்டேன்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லியிருந்தா நா கட்டியிருப்பேன்லா? பக்கத்து வீட்டுப் பிள்ளைலா அது. எங் கண்ணு முன்னால வளந்த பிள்ளைலா. தெனமும் காலைல உங்க வாசல்லதான வண்டிய ஸ்டார்ட் பண்ணுதேன், ஒரு நாளாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வண்டியில் ஏறினார், சாவியைப் போட்டார். தங்கை படுத்திருந்த அறையின் ஜன்னல் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். சாவியைத் திருப்பவில்லை. இறங்கி வந்து, கதவைத் திறந்து வைத்தபடி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "தள்ளு தம்பி" என்றார்.

பின்னால் போய்க் கையை வைத்தேன். நானும் அவரும் அந்த வண்டியை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து சாலைக்குத் தள்ளி, சாலையோரமாகப் புளியமரம் தாண்டி, திருப்பம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஜன்னல் தெரியாது. அவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். புகை எப்போதும்போலத்தான் வந்தது. நான் அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.